சத்தம் போடாத நோயாளியை முதல்ல பாருங்க

1/
வீட்டுல இருந்தே ஆன்லைன்ல வியாபாரம் பண்றவங்களுக்காக ஒரு இழை. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, பாவூர்சத்திரம்னு நம்ம பக்கத்துல கருப்பட்டி, தேன், மசாலாப் பொடி, சேலைன்னு விக்கிறவங்க இப்ப நிறையப் பேர். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்தான் கடை. வியாபாரம் எப்படிப் பண்ணணும்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா கூட்டத்துக்கு நடுவுல எதை முதல்ல பாக்கணும்ங்கிறது எங்க தொழிலோட அரிச்சுவடி. அது உங்களுக்கும் உதவும்னு நினைக்கிறேன்.

2/
ஓபிக்கு வர்ற சின்ன வியாபாரிகள் சொல்ற தொந்தரவு பெரும்பாலும் ஒண்ணுதான். தூக்கம் இல்ல, கழுத்து வலி, நெஞ்சு படபடப்பு. "ராத்திரி 12 மணிக்கு விலை கேட்டா அப்பவே சொல்லணும் டாக்டர், இல்லைனா வேற ஆள்கிட்ட போயிருவாங்க" அப்படிம்பாங்க. சரி, மாசம் எவ்வளவு நிக்குதுன்னு கேட்டா, "கணக்குப் போட நேரமே இல்ல டாக்டர்" என்பதுதான் பதில். நாள் முழுக்க உழைப்பு இருக்கு. லாபமா நஷ்டமான்னு மட்டும் தெரியாது. எனக்கு அந்தப் படபடப்பை விட இந்தப் பதில்தான் கவலையா இருக்கும்.

3/
அவசர சிகிச்சைப் பிரிவுல புதுசா சேர்ற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லித்தருவாங்க: ஒரே நேரத்துல பத்துப் பேர் வந்தா, கத்துறவர்கிட்ட ஓடாதே. கத்த முடியுதுன்னாலே அவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கு, நினைவு இருக்கு. மூலையில சத்தமே இல்லாம, வேர்த்துப்போய்ச் சாய்ஞ்சு கிடக்கிறவர்கிட்ட முதல்ல போ. இப்படிப் பார்த்துத்தான் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிக்கிறோம். யார் முதல்ல வந்தார், யார் சத்தம் போட்டார்னு பார்த்துப் பிரிச்சா உயிர் போயிரும்.

4/
உங்க கடையில கத்துறது எது? போன். "விலை என்ன?", "இன்னும் பார்சல் வரல", "வேற கலர் இருக்கா?" எல்லாம் மணி அடிச்சுக் கூப்பிடும். கணக்கு எழுதுறது, சரக்கு எவ்வளவு மிச்சம்னு எண்ணுறது, போன மாசம் எண்ணெய் பாட்டில் ஏன் ஒழுகிச்சுன்னு பாக்குறது, உணவுப் பொருள் விக்கிறவங்கன்னா எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு சரியா இருக்கான்னு பாக்குறது, இதெல்லாம் மணி அடிக்காது. ஆனா ஒரு கடையை மூடவைக்கிறது பெரும்பாலும் இந்த மணி அடிக்காத விஷயங்கள்தான்.

5/
"ரெண்டையும் சேர்த்தே பாத்துக்குவேன்" என்பவங்களுக்கு: சிட்னியில ரெண்டு மருத்துவமனைகள்ல, 98 நர்ஸ்கள் மருந்து கொடுக்கிறதைக் கூடவே நின்னு கவனிச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. 2010ல வெளியாச்சு. நடுவுல யாராவது கூப்பிட்டாங்கன்னா, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடுச்சு. அனுபவம் உள்ள நர்ஸ்களும் இதுக்கு விலக்கு இல்ல. பயிற்சி எடுத்தவங்களுக்கே அப்படின்னா, ஒரு கையில தராசும் இன்னொரு கையில போனுமா பேக்கிங் பண்ற நமக்கு? அட்ரஸ் மாறுறதும், அளவு குறையுறதும் இப்படித்தான்.

6/
இன்னொண்ணும் இருக்கு. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல எழுதினது: ஒரு வேலையைப் பாதியில விட்டு இன்னொண்ணுக்குப் போனா, மனசுல ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அதனால "ஒரு மெசேஜ்தானே, பத்து செகண்ட்" என்பது கணக்குக்கு ஒத்துவராது. பதில் போட்டு முடிச்ச பிறகும் அந்த மெசேஜ் உங்க தலைக்குள்ளதான் ஓடும்.

7/
சத்தம் போடாத வேலையை "நேரம் கிடைச்சா பாப்போம்"னு விட்டா அது நடக்கவே நடக்காது. பிபி, சுகர் ரெண்டும் அப்படித்தான். வலிக்காது. அதனால மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க. பக்கவாதம் வந்த பிறகுதான் வருவாங்க. நோயாளி வரட்டும்னு காத்திருந்தா ஆகாதுன்னுதான் 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீட்டுக்கே மாத்திரை போகுது. அவசரமே இல்லாத வேலைக்கு ஒரு ஆளும் ஒரு முறையும் வச்சாங்க. உங்க கணக்கு நோட்டுக்கும் அப்படி ஒரு முறை வேணும்.

8/
பெரிய உதாரணம் நம்ம பக்கத்துலயே இருக்கு. தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில இருக்கிற ஜோஹோவை உங்களுக்குத் தெரியும். உலகம் முழுக்க இணையத்துலயே மென்பொருள் விக்கிற கம்பெனி. 2025 ஜனவரியில ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியை சைலேஷ் குமார் தாவேகிட்ட கொடுத்துட்டு, தலைமை விஞ்ஞானியா ஆராய்ச்சிக்குப் போனார். செயற்கை நுண்ணறிவு வளர்ற வேகத்துல, முழு நேரமும் ஆராய்ச்சியில இருக்கிறதுதான் முக்கியம்னு காரணம் சொன்னார். நிர்வாகம் தேவையில்லாத வேலைன்னு அர்த்தம் இல்ல. ஒரே ஆள் ரெண்டையும் பாத்தா, தினமும் கதவைத் தட்டுற வேலைதான் ஜெயிக்கும்.

9/
"அவருக்கு நாற்காலியைக் கொடுக்க ஆள் இருக்கு, எனக்கு யார் இருக்கா?" நியாயமான கேள்வி. ஒத்தை ஆள் கடையில நாற்காலியைக் கொடுக்க முடியாது, ஒரு மணி நேரத்தைக் கொடுக்கலாம். நான் சொல்றது மூணே விஷயம்.

ஒண்ணு, வர்ற மெசேஜை நிறம் பிரிங்க. காசு வாங்கியும் பொருள் போகல, சாப்பிடுற பொருள் கெட்டுப்போய் வந்திருக்கு, இது சிவப்பு: அன்னைக்கே, முடிஞ்சா போன்ல பேசுங்க. உறுதியான ஆர்டர் மஞ்சள். விலை விசாரிக்கிறது பச்சை. வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக், தானா போற பதில் எல்லாம் இருக்கு, பச்சையை அது பாத்துக்கும்.

ரெண்டு, காலை, மதியம், சாயங்காலம்னு மூணு வேளை, மாத்திரை மாதிரி, பதில் போடுங்க. "இந்த நேரத்துல பதில் தருவோம்"னு புரொஃபைல்லயே எழுதிருங்க. அந்த நேரத்துல தவறாம பதில் வந்தா கஸ்டமர் பழகிருவாங்க.

மூணு, தினமும் ஒரு மணி நேரம் போன் வேற ரூம்ல இருக்கட்டும். அந்த நேரத்துல கணக்கு, சரக்கு, தரம் மட்டும். சின்னப் பிள்ளை இருக்கிற வீடுன்னா அரை மணி நேரம்னாலும் போதும்.

10/
குற்றாலத்துல கடை போடுறவங்களைக் கேட்டுப் பாருங்க. ஆனி, ஆடி, ஆவணி சீசன்ல தலை நிமிர நேரம் இருக்காது. அந்த மூணு மாச வியாபாரத்துக்கு வேண்டிய சரக்கு, இடம், ஆள் எல்லாம் சாரல் விழுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருக்கணும். ஐந்தருவியில கூட்டம் நிக்கும்போது சரக்குக்கு அலைய முடியாது. உங்க தீபாவளி ஆர்டரும், பொங்கல் ஆர்டரும் அப்படித்தான். யாரும் விலை கேக்காத மாசத்துல பாக்குற வேலைதான் அப்ப கைகொடுக்கும்.

11/
கடைசியா டாக்டரா ஒண்ணு. உங்க கடையில சத்தமே போடாத இன்னொருத்தர் இருக்கார், அது உங்க உடம்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல வர்ற "விலை என்ன?"வுக்குக் காலையில பதில் போடுங்க. 30 வயசு தாண்டினவங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, சுகர் பாத்துக்கோங்க, காசு கிடையாது. நெஞ்சை அழுத்துற வலி, வேர்வை, இடது கையோ தாடையோ இழுக்குதுன்னா, "இந்தப் பார்சலை அனுப்பிட்டு வர்றேன்"னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. பார்சல் நாளைக்குப் போகட்டும்.