பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

பீரைப் பற்றிக் கல்லூரி மலரில் கட்டுரையா என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் அச்சொல் இனிப்பானதன்று. என் தந்தையார் வாரக் கூலியில் பாதியைக் குடியில் கரைப்பவர். மீதியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாலையில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறேன். முதலாண்டு முடிவில், படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் கடைக்கே போய்விடலாம் என்றுகூட எண்ணினேன்.

சென்ற பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் டையசோ வினையைச் செய்தோம். அனிலீனை அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியில் குளிரவைத்து, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தோம். அதைக் காரத்தில் கரைத்த பீட்டா நாஃப்தாலில் ஊற்றியதும் செஞ்சாயம் பளிச்சென்று தோன்றியது. "இவ்வினையைக் கண்டறிந்த பீட்டர் கிரீஸ் எங்கே வேலை பார்த்தார், தெரியுமா?" என்றார் ஆசிரியர். விடையையும் அவரே சொன்னார்: "இங்கிலாந்தில், ஒரு பீர் ஆலையில்!" எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

ட்ரெண்ட் ஆற்றங்கரையில் உள்ள சந்தை நகரம் பர்ட்டன். இடைக்காலத்தில் அங்கிருந்த மடத்துத் துறவிகளே பீர் காய்ச்சினர். அவ்வூர்க் கிணற்று நீர் ஜிப்சம் படிவுகளின் ஊடே ஊறி வருவது. அதில் கால்சியம் சல்பேட் மிகுதி. வெளிர்நிறப் பீர் தெளிவாக அமைவதற்கும் அதன் கசப்பு துலங்குவதற்கும் அந்த நீரே துணை. 18ஆம் நூற்றாண்டில் பர்ட்டன் பீர் ஆற்றுவழியே ஹல் துறைமுகம் சென்று, பால்டிக் கடல் கடந்து ரஷ்யாவுக்குப் போயிற்று. 1822ல் ரஷ்யா வரியை உயர்த்தவே, ஆல்சாப் ஆலை இந்தியாவின் பக்கம் திரும்பியது. இங்கிருந்த வெள்ளையருக்காக ஹாப் பூவை மிகுதியாக இட்டுக் காய்ச்சிய அந்தப் பீர், பின்னர் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் பெற்றது. 1839ல் இரயில் வந்தது. 1880களில் அச்சிறு நகரில் 30க்கு மேற்பட்ட ஆலைகள்! அவற்றுள் ஒன்றான பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணமே பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான வணிகச் சின்னம்.

1858ல் டையசோ சேர்மங்களைக் கண்டறிந்த ஜெர்மானியரான கிரீஸ், 1862ல் ஆல்சாப் ஆலையில் வேதியியலாராகச் சேர்ந்தார். ஆலை வேலை போக எஞ்சிய நேரத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1888ல் மறையும்வரை 26 ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. நாம் உடுத்தும் துணிகளின் நிறங்களில் பல அவ்வினையின் கொடை. நீரில் நைட்ரைட் கலந்திருப்பதைக் காட்ட 1879ல் அவர் வகுத்த சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

இக்கட்டுரையை எழுதிய இரவில் தந்தையார் கேட்டார்: "பீர் கம்பெனியில இருந்தவனுக்குப் படிப்பு எதுக்குடா?"

"வேலை முடிஞ்ச பிறகும் படிச்சாருப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வழக்கம்போல் விளக்கை அணைக்கச் சொல்லவுமில்லை.

அவருடைய குடியை இக்கதை நியாயப்படுத்தாது. ஆனால் எனக்கு ஒரு வழி காட்டியது: பிழைக்க ஒரு வேலை, படிக்க ஒரு வேளை. நான் கல்லூரியை விடப்போவதில்லை.