கொல்லைப்புறக் கதவு

போன வாரம் எங்கள் வீட்டு வாசல் கதவு சதி செய்துவிட்டது. நானும் மனைவியும் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது காற்றில் படாரென்று சாத்திக்கொண்டது. அது தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி உள்ளே, நாங்கள் வெளியே. நல்லவேளையாகக் கொல்லைப்புறக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப்போய் உள்ளே நுழைந்தேன்.

"இதுக்குத்தான் அந்தக் காலத்துல வீட்டுக்கு ரெண்டு வாசல் வெச்சுக் கட்டினாங்க" என்றாள் மனைவி.

எனக்கு வால்பாறை ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 2004-ஆம் வருடம். கிளைகளை ஒவ்வொன்றாகச் சென்னையோடு இணைத்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரவுட்டர் வைப்போம். கிளையின் கம்ப்யூட்டர்களுக்கும் சென்னைக்குப் போகும் லைனுக்கும் நடுவே நின்று, எந்தத் தகவல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கைகாட்டும் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி ஒரு பெட்டி அது. அதில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், சென்னையில் உட்கார்ந்தபடியே அதே லைன் வழியாக உள்ளே போய் மாற்றிவிடலாம். வசதிதான். ஆனால் சாலையை வெட்டிச் செப்பனிடுகிறவனும் அதே சாலையில்தான் போய்வர வேண்டும் என்ற சங்கடம் அதில் இருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளைகள் மூடிய பிறகு, ஏழெட்டு ரவுட்டர்களுக்குப் புது அமைப்புக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். கோப்பை அனுப்பு, சேமி, பெட்டியை மறுபடி தொடங்கச் சொல், அடுத்த கிளைக்குப் போ. கை பழகிவிட்டால் கண் தூங்கிவிடும். வால்பாறைக் கிளைக்கு வேறொரு கிளையின் கோப்பை அனுப்பிவிட்டேன். அந்த இன்னொரு கிளையோ சாட்டிலைட் வழியாக இணைந்தது. அதன் கோப்பில், தொலைபேசி லைன் வந்து சேரும் போர்ட் மூடியே இருக்கும். வால்பாறை ரவுட்டர் சொன்னபடி கேட்டது. மறுபடி தொடங்கியது, தன்னை வேறு கிளை என்று நினைத்துக்கொண்டது, சென்னைக்கு வரும் ஒரே கதவைத் தானே அடைத்துக்கொண்டது.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. யாராவது போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் அதே தப்பான கோப்பைத்தான் மறுபடி படிக்கும். திங்கட்கிழமை எஸ்டேட்டுகளுக்குக் கூலிப் பணம் கொடுக்க வேண்டிய நாள். மேனேஜரிடம் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இரவு சேரன் எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறினேன். கோவையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து வால்பாறை பஸ். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கிளையைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று மேனேஜரிடம், மற்றொன்று தலைமைக் காசாளரிடம். மேனேஜர் ஊரில்தான் இருந்தார். காசாளரோ கோவையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய அம்மாவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். அம்மாவைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, எனக்கு அடுத்த பஸ்ஸில் மலையேறி வந்தார். இறங்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை, சாவியை எடுத்தார்.

ரவுட்டரின் முதுகில் 'கன்சோல்' என்று ஒரு சின்னத் துளை உண்டு. வெளிர்நீலத்தில் தட்டையான ஒரு ஒயரை அதில் செருகி, மறுமுனையை லேப்டாப்பின் சீரியல் போர்ட்டில் மாட்ட வேண்டும். நொடிக்கு 9600 பிட், அதாவது சுமார் 960 எழுத்து. ஆமை வேகம். ஆனால் அதற்கு நெட்வொர்க் வேண்டாம், முகவரி வேண்டாம். பெட்டிக்குத் தன் பெயரே மறந்து போயிருந்தாலும் அந்தத் துளை வழியாகக் கூப்பிட்டால் பதில் சொல்லும். சரியான கோப்பை ஏற்றி, சேமித்து, மறுபடி தொடங்க வைத்தேன். பத்து நிமிஷ வேலை.

காசாளர் வாசலிலேயே நின்றிருந்தார். "முடிஞ்சுதா சார்? நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சுடலாமா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

சென்னைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனைதான். அந்த நீல ஒயரை நான் கொண்டுபோக வேண்டியதில்லையே. அதன் மறுமுனை சென்னையில் இருந்தால் போதுமே. நீல ஒயர் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் நீளாது, ஆனால் டெலிபோன் ஒயர் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். கிளையில் ஒரு மோடத்தைக் கன்சோலில் மாட்டி, அதைச் சாதாரண டெலிபோன் லைனில் இணைத்துவிட்டால், நான் என் மேஜையிலிருந்து டயல் செய்து பெட்டியின் முதுகைத் தட்டலாம்.

மேலதிகாரி சம்மதித்தார். செய்யும்போதுதான் அதிலுள்ள சூட்சுமங்கள் தெரிந்தன.

முதல் நாளே மோடமும் ரவுட்டரும் சண்டை போட்டுக்கொண்டன. மோடம் தன் வழக்கப்படி "சரி", "மணி அடிக்கிறது" என்று எழுத்தில் அறிவிக்கும். அதை ரவுட்டர் யாரோ தட்டச்சு செய்வதாக நினைத்துப் பதில் சொல்லும். அந்தப் பதிலை மோடம் கட்டளை என்று எடுத்துக்கொண்டு மறுபடி ஏதோ சொல்லும். இரண்டு செவிடர்கள் திண்ணையில் பேசிக்கொண்ட கதைதான். மோடத்தை வாயை மூடிக்கொண்டு, மணி அடித்தால் எடுக்க மட்டும் பழக்கிய பிறகுதான் அடங்கியது.

அடுத்து ஆடிட் பிரிவிலிருந்து ஒரு கேள்வி. "கொல்லைக் கதவு வழியாகத் திருடனும் வரலாமே?" நியாயமான கேள்வி. அதிலும் கன்சோலுக்கு ஒரு குணம் உண்டு. போனை வைத்தது அதற்குத் தெரியாது. நான் வெளியேறாமல் இணைப்பைத் துண்டித்தால், அடுத்து டயல் செய்கிறவன் நான் விட்ட இடத்திலேயே, முழு அதிகாரத்தோடு உட்கார்ந்துவிடலாம். ஆகவே கடவுச்சொல் போட்டோம். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் தானே வெளியேற்றிவிடும்படி அமைத்தோம். எண்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருந்தன.

மூன்றாவது பாடம் எல்லாவற்றையும் விடப் பெரியது. இதே யோசனையில் சென்னை மையத்தில் பதினாறு ரவுட்டர்களின் கன்சோல்களையும் ஒரே பெட்டியில் சேர்த்தோம். டெர்மினல் சர்வர் என்பார்கள். எந்த ரவுட்டரின் முதுகைத் தட்ட வேண்டுமோ அந்த வரிசை எண்ணைச் சொன்னால் அங்கே கொண்டுபோய் விடும். பெருமையாக இருந்தது. ஒரு நாள் மையத்தின் முக்கிய ஸ்விட்ச் படுத்துவிட்டது. டெர்மினல் சர்வரைத் தேடினால் அதையும் காணோம். நான்தான் அதை அந்த ஸ்விட்சிலேயே மாட்டியிருந்தேன். கொல்லைக் கதவின் சாவியை வாசல் கதவுக்கு உள்ளே தொங்கவிட்டிருந்தேன்! மறுநாளே அதற்கும் தனி டெலிபோன் லைன், தனி மோடம் வந்தன.

இது என்னைப் போன்ற சாமானியன் செய்யும் தப்பு மட்டும் என்று நினைத்திருந்தேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப் இல்லாமல் நாமெல்லாம் தவித்த இரவு. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. தூரத்திலிருந்து உள்ளே போகும் வழக்கமான வழியும் இல்லை, மாற்று வழியும் வேலை செய்யவில்லை என்று அவர்களே பிறகு எழுதினார்கள். கடைசியில் பொறியாளர்களை நேரில் அனுப்பித்தான் சரிசெய்தார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பொறியாளர் எந்த வளைவில் தன்னைத் திட்டிக்கொண்டு போனாரோ என்றுதான் நினைத்தேன்.

மாற்று வழி என்று ஒன்று வைத்தால் மட்டும் போதாது. முதல் வழியோடு அதற்கு எந்த உறவும் இருக்கக் கூடாது. லைன் வேறாக இருக்க வேண்டும், கரண்டும் வேறாக இருக்க வேண்டும். அவ்வப்போது அந்த வழியில் நடந்தும் பார்க்க வேண்டும். திறக்காத கதவின் கீல் துருப்பிடித்துவிடும். ஆகவே மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லா மோடங்களுக்கும் டயல் செய்து பார்ப்பேன். நாலைந்து கிளைகளில் எடுக்காது. விசாரித்தால், யாரோ செல்போன் சார்ஜ் செய்ய மோடத்தின் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

வால்பாறை மோடம் மட்டும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தக் கிளைக்குப் போனேன். காசாளர் இருந்தார். முதலில் அவருடைய அம்மாவைப் பற்றித்தான் கேட்டேன். "நல்லா இருக்காங்க சார், தானே நடந்து கோயிலுக்குப் போறாங்க" என்றார். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மன்னிப்பை அப்போது கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ரவுட்டர் இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார்.

மோடத்தின் பிளக்குக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அவருடைய கையெழுத்தில், சிவப்பு மசியில் எழுதியிருந்தது:

"இதைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மெட்ராஸ் சார் நேரில் வந்துவிடுவார்."