பக்கத்து நாற்காலி சம்பளம்

"காலேஜ் வாத்தியாருக்கு என்னங்க கவலை? அஞ்சு மணி நேர வேலை, மே மாசம் லீவு, லட்சத்துல சம்பளம்." கல்யாணப் பந்தியில யாராவது இப்படி ஆரம்பிச்சா நான் ரசத்துல கவனமா இருந்துடுவேன். சொல்றவர் பொய் சொல்லலை. அவர் சொல்ற வாத்தியார் நிஜமாவே இருக்கார். எங்க டிபார்ட்மென்ட்லயே இருக்கார். ஆனா அது நான் இல்லை.

நான் வேலை பாக்கறது ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில. காலை ஷிஃப்ட்டுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது. மத்தியானம் ஆரம்பிக்கற சுயநிதிப் பிரிவுக்கு நிர்வாகம் குடுக்குது. எங்களுக்குப் பேரு மேனேஜ்மென்ட் ஸ்டாஃப். அதே சிலபஸ், அதே பல்கலைக்கழகம், அதே டிகிரி சர்ட்டிஃபிகேட். நாக் குழு வர்ற அன்னிக்கு எல்லாரும் "எங்கள் ஆசிரியர்கள்". சம்பளத் தேதியில மட்டும் வேற வேற ஜாதி.

சரி, கணக்குக்கு வருவோம்.

யுஜிசி ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரோட ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இது 2016 ஜனவரியிலிருந்து கணக்கு. 2024 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 50 சதவீதம். அதையும் சேர்த்தா 86,550. வீட்டு வாடகைப்படி தனி. இது வேலையில சேர்ற முதல் நாள் சம்பளம். பேராசிரியர் ஆனா அடிப்படையே 1,44,200-ல ஆரம்பிக்கும். ஆக, பந்தியில லட்சம்னு சொன்னவர் கணக்கு சரிதான் :-)

அதே தமிழ்நாட்டுல அரசு கலைக் கல்லூரி கௌரவ விரிவுரையாளருக்கு 2024-ல மாசம் 25,000. அதுவும் பதினோரு மாசத்துக்குத்தான், மே மாசம் கிடையாது. வருஷத்துக்கு 2,75,000. பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கற புது நிரந்தர ஆசிரியருக்கு, வாடகைப்படி இல்லாமலே, 10,38,600. கிட்டத்தட்ட நாலு மடங்கு. இத்தனைக்கும் யுஜிசி 2019 ஜனவரியிலேயே கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 வரை தரலாம்னு சொல்லியாச்சு. கௌரவம்ங்கற வார்த்தையை யார் கண்டுபிடிச்சாங்களோ!

இப்ப ஒப்பீடு எப்படிப் பண்ணணும்னு பாப்போம். அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ஒரு கல்லூரி தன்னை மாதிரியே இருக்கற கல்லூரிகளோட பட்டியல் ஒண்ணு வெச்சிருக்கும். மாணவர் எண்ணிக்கை, என்னென்ன படிப்பு, ஊர் எப்படி எல்லாம் பார்த்துப் போட்ட பட்டியல். உதவிப் பேராசிரியரை உதவிப் பேராசிரியரோட, பேராசிரியரைப் பேராசிரியரோட ஒப்பிடுவாங்க. அங்க இருக்கற பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் வருஷா வருஷம் சம்பளக் கணக்கெடுத்து வெளியிடுது. அங்கயும் தில்லுமுல்லு உண்டு. சம்பளம் குறைவான கல்லூரிகளா பாத்து பட்டியல்ல சேர்த்துட்டா நம்ம காலேஜ் ஒசத்தியா தெரியும். அங்கயும் தற்காலிக ஆசிரியர் நிலைமை மோசம்தான். ஆனாலும் எண்கள் நாலு பேர் பாக்கற இடத்துல இருக்கு. சண்டை போடவாவது முடியும்.

நம்ம ஊர்ல பட்டியல் வாயிலதான் இருக்கும். சம்பளம் ஏத்திக் கேட்டா நிர்வாகம் சொல்ற பதில்: "பக்கத்து ஊர் காலேஜ்ல பதினஞ்சுதான் தர்றாங்க, விசாரிச்சுப் பாருங்க." அதே நிர்வாகம் ஃபீஸ் ஏத்தும்போது சொல்றது: "சென்னையில என்ன வாங்கறாங்க தெரியுமா?" ஒரே காலேஜுக்கு ரெண்டு பட்டியல். வாங்கறதுக்கு ஒண்ணு, குடுக்கறதுக்கு ஒண்ணு.

நிர்வாகத்துப் பக்கம் நியாயமே இல்லையான்னா, இருக்கு. ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். பி.காம். ஒரு வகுப்புக்கு 60 பேர், வருஷம் 25,000 ஃபீஸ். மூணு வருஷ வகுப்பும் சேர்ந்து 45 லட்சம். ஆறு ஆசிரியர்களுக்கு யுஜிசி ஆரம்பச் சம்பளம் குடுத்தா 62 லட்சத்துக்கு மேல போயிடும். முடியாதுதான். ஆனா ஆளுக்கு 20,000 குடுத்தா ஆகற செலவு 14.4 லட்சம். 40,000 குடுத்தாக்கூட 28.8 லட்சம், மிச்சம் 16 லட்சத்துக்கு மேல. 62-க்கும் 14-க்கும் நடுவுல எவ்வளவோ இடம் இருக்கு. அந்த இடத்தைப் பத்திப் பேசத்தான் யாரும் தயாரா இல்லை.

நீதிமன்றம் இந்த ஒப்பீட்டை எப்படிப் பண்ணுதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். 2016-ல ஜக்ஜித் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: நிரந்தர ஊழியர் பாக்கற அதே வேலையைப் பாக்கற தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியோட குறைந்தபட்ச ஊதியமாவது தரணும். 2025 ஆகஸ்ட்ல குஜராத் அரசு பொறியியல் கல்லூரி ஒப்பந்த ஆசிரியர்கள் வழக்கு. அவங்களுக்கு மாசம் 30,000. அதே வேலை பாக்கற அட்ஹாக் ஆசிரியருக்கு சுமார் 1,16,000. நீதிபதிகள் பக்கத்து மாநிலத்தைத் தேடிப் போகலை, பக்கத்து நாற்காலியைப் பாத்தாங்க. உதவிப் பேராசிரியரோட குறைந்தபட்ச ஊதியத்தைக் குடுங்கன்னு உத்தரவு போட்டாங்க. மேடையில குருவைப் போற்றி ஸ்லோகம் சொன்னா மட்டும் போதாதுன்னு தீர்ப்புலயே எழுதியிருக்காங்க.

இதெல்லாம் அரசாங்கம் முதலாளியா இருக்கற இடத்துக்கான தீர்ப்பு. எங்களை மாதிரி சுயநிதிப் பிரிவு ஆளுங்களுக்கு அது நேரா உதவாது. ஆனா அளவுகோல் என்னமோ அதுதான். சரியான ஒப்பீடுன்னா மூணு கேள்வி: தகுதி ஒண்ணா? வேலை ஒண்ணா? சொல்லிக்குடுக்கற பிள்ளைங்க எழுதற பரீட்சை ஒண்ணா? மூணுக்கும் ஆமான்னா, பக்கத்து ஊரு எதுக்கு?

உங்களுக்கு இதுல என்ன வந்ததுன்னு கேக்கலாம். இருக்கு. எங்க பிரிவுல போன அஞ்சு வருஷத்துல ஏழு பேர் கிளம்பிட்டாங்க. ஒருத்தர் பேங்க், ரெண்டு பேர் ஸ்கூல், ஒருத்தர் சொந்தமா ஜெராக்ஸ் கடை. பாதி செமஸ்டர்ல காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்க ஆள் இல்லாம புதுசா ஒரு பொண்ணு வந்து முதல் யூனிட்டிலிருந்து ஆரம்பிச்சுது. நஷ்டம் யாருக்கு? கடைசி பெஞ்சுப் பையனுக்கு. அவன் கட்டின ஃபீஸ்ல ஒரு ரூபா குறையலை.

பெத்தவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கற கல்லூரிகள், தாங்க குடுத்த விவரத்தைத் தங்க இணையதளத்துல போடணும். அதுல சம்பளச் செலவு மொத்தமா எவ்வளவு, ஆசிரியர் எத்தனை பேர்னு இருக்கும். அலுவலக ஊழியர் சம்பளமும் அதுலயே கலந்திருக்கும். அதனால வகுத்து வர்ற எண் ஆசிரியரோட நிஜ சம்பளத்தைவிடக் கூடத்தான் காட்டும். அப்படிக் கூட்டிக் காட்டியும் ரொம்பக் கம்மியா வந்தா, புரிஞ்சுக்கோங்க.

கணக்குப் போடப் பொறுமை இல்லைன்னா, அட்மிஷன் அன்னிக்கு ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு கேக்கறப்ப இதையும் சேர்த்துக் கேளுங்க: "இந்த டிபார்ட்மென்ட்ல போன வருஷம் பாடம் நடத்தினவங்கள்ல இந்த வருஷமும் எத்தனை பேர் இருக்காங்க?" பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தாலே போதும்.