அரம் போட்ட நேரம்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருப் பக்கம் நடந்து செல்வது என் அறுபது வருஷத்துப் பழக்கம். பழைய அங்காடி என்று பெயரிலேயே வியாபாரத்தைச் சுமந்து நிற்கும் இவ்விடத்தில், தேங்காய் சிதறும் ஓசையோடு என் செவிக்கு மட்டும் வேறோர் ஓசையும் கேட்கும். இரும்பு அரம் அறுப்புவாளின் பல்லில் உராயும் ஓசை அது. ஒரு காலத்தில் அதை வீண் ஓசை என்று நான் கணக்கில் எழுதினேன். அந்தக் கணக்கைப் பற்றித்தான் நம் சங்கத்து அன்பர்களிடம் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1956-இல் எல்லை பிரிந்து, நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கோடு நடுவே விழுந்த போதிலும் பிழைப்பு கோட்டைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது. 1962-இல், பதினெட்டு வயதில், நானும் அவ்வாறு வந்து சாலையை அடுத்த ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தேன். தேக்கும் அயனியும் பலாவும் முற்றத்தில் அடுக்கியிருக்கும். உயரக் கால்நாட்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று வாளை இழுப்பார்கள். மேலே நிற்பவர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர். நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். கீழே நிற்பவர் அவருடைய மைத்துனர். மரத்தூள் முழுவதும் மைத்துனரின் முகத்தில்தான் விழும்.

அப்போது யந்திரத்தைப் பற்றிய பேச்சே எங்கும். பக்கத்துத் தெருவில் மின்சார வாள் சுழலத் தொடங்கியிருந்தது. முதலாளி என்னிடம் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து, "ஒரு வாரம் இவர்கள் வேலையைப் பார்த்து நிமிஷக் கணக்கு எழுது" என்றார். புதிய கூலி விகிதம் நிர்ணயிப்பதற்காக அந்தக் கணக்கு. நானும் பெருமையோடு நோட்டில் இரண்டு பத்திகள் வரைந்தேன். ஒன்றின் தலைப்பு 'வேலை', மற்றொன்றின் தலைப்பு 'வீண்'. வாள் மரத்தில் ஓடும் நேரமெல்லாம் முதற் பத்தியில் ஏறியது. மரத்தைப் புரட்டுவதும், கரிநூல் அடிப்பதும், பிளவில் ஆப்பு வைப்பதும், அரம் போடுவதும் இரண்டாவது பத்தியில் ஏறின. எட்டு மணி நேரத்தில் ஐந்து மணி 'வேலை', மூன்று மணி 'வீண்' என்று வார முடிவில் கூட்டிக் கொடுத்தேன்.

எட்டு மணி நேரமும் வாள் ஓடினால் எத்தனை சதுர அடி அறுபடுமோ, அதையே ஒரு நாள் வேலை என்று முதலாளி தீர்மானித்தார். அந்த அளவை எட்ட அண்ணாச்சி அரம் போடுவதைக் குறைத்தார். பல் மழுங்கிய வாள் கோணலாக ஓடிற்று, பலகை கெட்டது, கெட்ட பலகைக்குக் கூலி பிடிக்கப்பட்டது. ஒருநாள் மாலையில் என் மேஜையருகே வந்து, "தம்பி, அரம் போடாத வாள் மரத்தைத் தின்னாது, ஆளைத்தான் தின்னும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஓணத்துக்கு முன்பே இருவரும் வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். 1971-இல் நான் அவ்வூருக்குப் போனபோது அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் போனதற்கு அடுத்த வருஷம், 1963-இல், பறம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடி வரை மரம் ஏற்றிவந்த டிராம் பாதை மூடப்பட்ட செய்தி மரக்கடைகளில் அடிபட்டது. 1907-இல் கொச்சி சமஸ்தானம் ஓடவிட்ட அப்பாதை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம். செங்குத்தான சரிவுகளில், மரத்தோடு கீழே இறங்கும் வண்டியின் பளுவே வடத்தின் மறுமுனையிலுள்ள வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். எத்துணை நேர்த்தியான யோசனை! ஆயினும் காட்டுக்குள்ளிருந்து மரத்தை இழுத்துவர யானை வேண்டும். பாதையை மழைக்குப் பின் செப்பனிட ஆள் வேண்டும். வண்டி ஓடும் நேரத்தை மட்டும் பார்த்தால் அது அற்புதம். அதை ஓடவைக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது இலாபம் நிற்கவில்லை. அச்செய்தியைக் கேட்டபோதுகூட என் நோட்டின் இரண்டாவது பத்தி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அதை நினைவூட்டியவன் என் மகள் வயிற்றுப் பேரன். அவன் இப்போது சுவீடன் தேசத்தில் ஊமியோ நகரில் வனவியல் படிக்கிறான். மரம் அறுவடை செய்யும் யந்திரங்களின் திறனை அளப்பது அவனுடைய ஆராய்ச்சி. நீண்ட இரும்புக் கையின் நுனியிலுள்ள ஒரு தலை மரத்தைப் பற்றி, அடியில் அறுத்து, சாய்த்து, உருளைகளுக்கிடையே ஓடவிட்டுக் கிளைகளைச் சீவி, நீளமும் பருமனும் தானே அளந்து துண்டு போட்டுவிடுமாம். இவ்வளவும் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள். ஒரு மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பதே திறனின் அளவு. "யந்திரம் ஒன்றேயானாலும் மரம் பருத்தால் அளவு கூடும், மெலிந்தால் குறையும், தாத்தா. ஓட்டுபவர் மாறினாலும் வெகுவாக மாறும். அருகே நின்று கடிகாரம் பார்த்தால் அவர் வேலை செய்யும் விதமே மாறிவிடக்கூடும்" என்றான்.

நான் கேட்டது ஒன்றுதான். "வாளைத் தீட்டும் நேரத்தை எந்தப் பத்தியில் எழுதுகிறீர்கள்?"

அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். நிற்காமல் ஓடிய நேரம் ஒரு கணக்கு. நிறுத்தங்களும் சேர்ந்த நேரம் மற்றொரு கணக்கு. பதினைந்து நிமிஷத்துக்கு உட்பட்ட சிறு நிறுத்தங்களை வேலை நேரத்தோடேயே சேர்த்துக்கொள்வது அந்நாடுகளின் வழக்கம். அதற்கு மேற்பட்டவற்றை யந்திரப் பழுதா, ஓட்டுபவரின் ஓய்வா, ஏற்பாட்டுக் குறையா என்று காரணம் பிரித்து எழுதுவார்களாம். எந்த நேரம் என்று குறிப்பிடாத கணக்கை எவரும் ஏற்கமாட்டார்களாம்.

அண்ணாச்சி ஒரு தடவை அரம் போட எடுத்துக்கொண்டது பத்து நிமிஷம்.

இந்த அறிவு நேற்றுப் பிறந்ததும் அன்று. கடிகாரத்தைக் கொண்டு உழைப்பை அளந்தவர்களில் முதல்வராகக் கருதப்படும் அமெரிக்கர் டெய்லர், 1911-இல் வெளியிட்ட தம் நூலில், 92 பவுண்டு இரும்புப் பாளங்களைத் தூக்கும் ஆள் நாளில் 43 சதவீத நேரமே பளுவோடு இருக்கலாம். எஞ்சிய நேரம் பளுவின்றி இருக்கவேண்டும் என்று எழுதினார். தொழிலாளரைக் கசக்கிப் பிழிந்தவர் என்று பேரெடுத்த அவர்கூட ஓய்வை வேலையின் ஒரு பகுதியாகவே எண்ணினார். பதினெட்டு வயதுக் கணக்குப்பிள்ளையாகிய நான் எண்ணவில்லை. முதலாளி கேட்டது நிமிஷக் கணக்குத்தான். பத்திக்கு 'வீண்' என்று பெயரிட்டவன் நான். கூட்டலில் பிழை இல்லை, தலைப்பில்தான் பிழை.

அரத்தின் கூர்மையையும் மரத்தையும் ஒரே குறளில் வைத்துப் பண்பைப் பற்றிப் பேசினார் வள்ளுவர். பள்ளியில் அதை ஒப்பித்துப் பரிசும் வாங்கியவன் நான்.

நம் குடும்பங்களில் வயலையும் கடையையும் விட்டு வந்த தலைமுறை முடிந்துவிட்டது. நம் பிள்ளைகள் பலர் இன்று கணினியின் முன் அமர்ந்து பிறருடைய உழைப்பை அளக்கும் உத்தியோகங்களில் இருக்கிறார்கள். அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவில்லாமல் தொழில் நடவாது. ஆள் உயிரைப் பணயம் வைத்து மரம் வெட்டிய இடத்தில் யந்திரம் வந்ததும் நன்மையே. ஆனால் கணக்கை மேலிடத்துக்குக் கொடுக்கும் முன்னர், அளக்கப்பட்டவரிடம் ஒரு தடவை அதைப் படித்துக் காட்டுங்கள். "இந்தப் பத்தியில் எழுதியிருப்பது வீண்தானா, அண்ணாச்சி?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பேரன் தன் ஆராய்ச்சிக் கட்டுரையை முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். நிறுத்தங்களைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.