பழைய ஐ5-ஆ, புது செலரானா? சோமனூர் வீட்டில் ஒரு லேப்டாப் பஞ்சாயத்து

கோயம்புத்தூர்ப் பக்கம் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகிறவரைப் பெயின்ட்டைக் காட்டி ஏமாற்ற முடியாது. எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டார், காயில் காப்பர்தானா, எத்தனை அடி ஆழத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் அல்லவா!

அதே மனிதர் மகளுக்கு லேப்டாப் வாங்க காந்திபுரம் போனால், கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "புதுசுதானுங்களே?" என்ற ஒரே கேள்வியோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

சோமனூரில் கூலித்தறி ஓட்டும் ஒருவர் வீட்டில், இந்த ஒரே கேள்வி இரண்டு வாரம் பஞ்சாயத்தாக ஓடியது. மகள் பி.காம் சி.ஏ. முதல் வருடம். எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு, கூடவே பத்துப் பதினைந்து குரோம் டேப். 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் ஐ3 அல்லது ரைசன் 3 புராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருக்கிறது. ஆனால், அது அரசுக் கல்லூரிகளுக்கு. இந்தப் பெண் படிப்பது சுயநிதிக் கல்லூரி. ஆக, அப்பா சீட்டு எடுத்த 22,000 ரூபாய்க்குள்தான் எல்லாம் முடிய வேண்டும். தவறாக வாங்கினால் மூன்று வருடமும் அதோடுதான் மாரடிக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் காட்டியது, டப்பா பிரிக்காத புது லேப்டாப். உள்ளே செலரான் என்4020, 4 ஜிபி ரேம். அடுத்து, கம்பெனிகளில் ஓடிக் கழித்துவிட்ட பழைய லேப்டாப். உள்ளே ஐ5-6300யூ, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "அடுத்தவன் ஓட்டித் தள்ளுனதுக்கு நாம எதுக்குக் கண்ணு காசு குடுக்கோணும்?" என்றார் அப்பா. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தாய்மாமன் போனிலேயே கத்தினார். "மச்சான், அந்தப் புதுச வாங்கிறாதீங்க. குரோம் தொறக்கறக்குள்ள டீ குடிச்சுட்டு வந்தறலாம்!"

மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. என்4020 வந்தது 2019-ல். ஐ5-6300யூ வந்தது 2015-ல். வேகத்தைப் பார்த்தால், அதிகபட்சம் முன்னது 2.8 கிகாஹெர்ட்ஸ், பின்னது 3.0. இரண்டிலும் இரண்டே கோர். எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டிப் பார்த்தால் பழைய ஐ5 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை செய்யும்.

இது எப்படி என்று தறிக்காரருக்குச் சொல்வது சுலபம். நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் நாடா ஓடும் இரண்டு தறிகள். ஒன்று அகலத் தறி, இன்னொன்று குறுகல். சாயங்காலம் இறங்கும் துணி ஒன்றாகவா இருக்கும்? கிகாஹெர்ட்ஸ் என்பது நாடா ஓடும் வேகம். ஒரு ஓட்டத்தில் எத்தனை கட்டளைகளை முடிக்கிறது என்பதுதான் தறியின் அகலம். ஐ5-ல் இருப்பது அகலமான பெரிய கோர். போதாததற்கு ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை வாங்கிக்கொள்ளும். செலரான் என் வரிசையில் இருப்பது, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகவே ஒடுக்கிச் செய்த சின்ன கோர். ஐ5-யூ 15 வாட் வெப்ப அளவுக்குச் செய்தது. என்4020 வெறும் 6 வாட்.

இந்தச் சின்ன கோரின் பூர்வீகம் 2008-ல் வந்த ஆட்டம். அந்தக் காலத்துக் குட்டி லேப்டாப்களில் இருந்ததே, அதுதான். அதன் பெரிய குறை, கட்டளைகளை வந்த வரிசையில்தான் முடிக்கும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் கைரேகை விழவில்லை என்றால், பின்னால் நிற்கும் மொத்தக் கூட்டமும் காத்திருக்குமே, அந்த மாதிரி. 2013-ல்தான் "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்தவர் வாங்க" என்று சொல்லத் தெரிந்த சின்ன கோர் வந்தது. அப்புறமும் ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னேறியது. 'செலரான்னா ஸ்லோ' என்ற பெயர் சும்மா வந்ததில்லை.

ஆனால், மாமாவின் கணக்கு 2022-ம் வருடத்தோடு நின்றுவிட்டது. 2023 ஜனவரியில் இன்டெல் என்100 என்ற புராசஸரைக் கொண்டுவந்தது. செலரான், பென்டியம் பெயர்களை அந்தச் சமயம் லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டதால், ஸ்டிக்கரில் வெறும் 'இன்டெல் புராசஸர்' என்றுதான் இருக்கும். பார்க்க அநாதை மாதிரி இருப்பதாலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இதுவும் 6 வாட்தான். ஆனால் நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். முக்கியமான விஷயம், இதில் உள்ள சின்ன கோர் 2015-ன் பெரிய கோரை எட்டிப் பிடித்துவிட்டது. ஒரே கோரில் ஓடும் வேலையில் ஐ5-6300யூவுக்குச் சளைக்காது. நான்கும் சேர்ந்தால் முந்திவிடும். அன்று 15 வாட்டில் நடந்த வேலை இன்று 6 வாட்டில் நடக்கிறது.

யூடியூபிலும் இந்த வித்தியாசம் தெரியும். இப்போது வீடியோக்கள் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய முறைகளில் சுருக்கப்பட்டு வருகின்றன. அவற்றை விரிப்பதற்கு என்100-க்குள் தனிச் சுற்றே இருக்கிறது. 2015-ன் ஐ5 ஏவி1 வீடியோவைத் தன் கோர்களைப் போட்டு முக்கித்தான் விரிக்க வேண்டும். பாடம் பார்க்க உட்கார்ந்தால் ஃபேன் கத்துவதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் 8-ம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஓடும். 6300-ல் முதல் எண் 6, அதாவது 6-ம் தலைமுறை. ஆமை வேக என்4020-க்கு அனுமதி உண்டு, அதைவிட வேகமான இதற்கு இல்லை! ஏதோ குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று கடையில் சொல்வார்கள்தான். படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பழையதுதான் வேண்டும் என்பவர்கள் ஐ5-8250யூ போன்ற 8-ம் தலைமுறையைத் தேடலாம். 2017-ல்தான் இந்த யூ வரிசை இரண்டு கோரிலிருந்து நான்குக்கு மாறியது. பழைய சந்தையில் உருப்படியான வாங்கல் என்றால் அதுதான்.

மாமாவும் விஷயம் தெரிந்தவர்தான். இரண்டே நாளில் 8250யூ போட்ட ஒன்றை அதே பட்ஜெட்டில் கண்டுபிடித்துவிட்டார். "எட்டு த்ரெட் மாமு, பறக்கும்!" என்று மருமகளுக்கு வாட்ஸ்அப்பில் போட்டார். கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

அப்பாவின் கவலை கரன்ட் பில். அது வீண் கவலை. 15 வாட்டுக்கும் 6 வாட்டுக்கும் இடையே 9 வாட். தினம் ஐந்து மணி நேரம் முழு மூச்சில் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட்கூட வராது. வீட்டுக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது. வாட் குறைவதன் லாபம் பேட்டரியிலும் சூட்டிலும்தான்.

சூடு என்றதும்தான் மகள் வாயைத் திறந்தாள். "ஏனுங்கப்பா, அண்ணன் லேப்டாப் எப்படிப் போச்சுன்னு மறந்துட்டீங்களா?"

அண்ணனுக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் அது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் கொடுத்தார்கள். கொங்கு மண்டலத்தில் பல வீடுகளின் பரணில் இன்னும் ஒன்று கிடக்கும். இந்த வீட்டில், தறிக் குடோனை ஒட்டிய அறையில்தான் அது ஓடியது. ஒருநாள் சூடேறி அணைந்தது. பிறகு அடிக்கடி அணைந்தது. கழற்றிப் பார்த்தால், ஃபேனுக்கும் காற்று போகும் தகடுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. தறி ஓடும் வீட்டில் சோற்றுப் பானையிலேயே பஞ்சு பறந்து விழும். காற்றை இழுக்கும் ஃபேன் அதை விட்டுவைக்குமா?

15 வாட் புராசஸருக்குப் பெரும்பாலும் ஃபேன் வேண்டும். 6 வாட் என்றால், சில மாடல்களில் ஃபேனே இல்லாமல் தகடு மட்டும் வைத்துச் செய்துவிடுகிறார்கள். இழுக்க ஃபேன் இல்லாவிட்டால் உள்ளே பஞ்சும் அவ்வளவாகப் போகாது. அடுத்த மூன்று வருடமும் மகள் படிக்கப் போவது அதே அறையில்தான். வேகத்தில் 8250யூ ஒரு படி மேல் என்பதை அவளும் மறுக்கவில்லை. டேலிக்கும் எக்செல்லுக்கும் அந்த ஒரு படி தேவையில்லை என்பது அவள் கட்சி. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சோமனூர், பல்லடம் தறிக் குடோன்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எந்தக் கடையும் இதை எழுதி வைத்திருக்காது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்100-ங்கிறதெல்லாம் செரி, 8 ஜிபிக்குக் கீழ வாங்கிறாத. அப்புறம் ரேம் மாத்த முடியாது" என்றார். அதுவும் சரிதான். இந்த வகை லேப்டாப் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். 4 ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருந்தால், எந்தப் புராசஸராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு நகர்வது நல்லது.

பெயரில் இன்னும் சில பொறிகள் உண்டு. ஐ3-என்305 என்பதில் ஐ3 இருந்தாலும், உள்ளே இருப்பது எட்டும் சின்ன கோர்தான். ரைசன் 3 7320யூ என்ற எண்ணைப் பார்த்தால் புத்தம் புதிது போல இருக்கும். அதன் கோர் 2019-ல் வந்த ஜென் 2. இரண்டும் மோசமில்லை. விலை சொல்லும்போது மட்டும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் மட்டும் பஸ் ஏறி காந்திபுரம் போனார்கள். ஃபேன் இல்லாத என்100, 8 ஜிபி. கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, புராசஸரின் முழுப் பெயரையும் ரேமையும் மகள் சரிபார்த்தாள். அப்பா, "பேட்டரி போச்சுன்னா மாத்திக் குடுப்பீங்களா, அதுக்கு எவ்வளவு?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடவில்லை. பட்ஜெட்டுக்கு மேல் 800 ரூபாய் ஆனது.

அண்ணனின் பழைய லேப்டாப்பைப் பஞ்செடுத்து, ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார் மாமா. 2 ஜிபி ரேமில் அது யூடியூபுக்கு ஆகாது. அப்பாவின் பாவுக் கணக்கு இப்போது அதில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது, குடோனிலிருந்து இரண்டு அறை தள்ளி.