அழுத்தமும் ஓட்டமும் தடையும்

பேராக் மாநிலத்தின் மின்சார வரலாறு ஈயத்தோடு பின்னிப் பிணைந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு ஆற்றல் வழங்கும் பொருட்டு 1926ஆம் ஆண்டில் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் தோன்றியது. 1930இல் செண்டரோ அணை மின்சாரம் தரத் தொடங்கியது. சுரங்க எந்திரங்கள் சுழன்றன. நகரங்கள் ஒளி பெற்றன. ஆனால், அதே மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே துணையாயிற்று.

பிற்காலத்தில் பல தோட்டங்கள் தமக்கென மின்னாக்கி வைத்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் லயன்களுக்கு வெளிச்சம் தந்தன. நேரம் வந்தால் விளக்கு எரியும்; நேரம் முடிந்தால் அணையும். மின்சாரம் என்பது நிர்வாகம் கொடுத்து நிறுத்தும் ஒரு பொருள். தொழிலாளி கணக்கிட வேண்டிய பொருளன்று. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களின் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே மின்சாரம் நாள் முழுதும் கிடைத்தது. கட்டணச் சீட்டும் வந்தது. ஆபத்தும் உடன் வந்தது. ஆனால், அதனை அளந்தறியும் கணக்கு மட்டும் பாடநூலிலேயே தங்கிவிட்டது.

அக்கணக்கு கடினமானதன்று. அணையில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதற்கேற்ற விசையோடு அது கீழே பாயும். அவ்வுயரம் போன்றது மின்னழுத்தம். பாயும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். குழாயின் குறுகல் போன்றது மின்தடை. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். இரண்டு தெரிந்தால் மற்றவை தாமே வெளிப்படும்.

இவற்றுள் முதல் உறவை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு பள்ளி ஆசிரியர். 'ஓம்' என்றதும் தமிழ் மாணவன் நெஞ்சில் பிரணவம் எழுவது இயல்பே. ஆனால், தடையின் அலகான இந்த ஓம், ஜெர்மானியராகிய கியார்க் சைமன் ஓம் என்பாரின் பெயராகும். 1789இல் பிறந்த அவருடைய தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமே முயன்று கணிதம் கற்று, தம் மக்களுக்கும் கற்பித்தவர். கொலோன் நகரில் ஆசிரியராக இருந்தபடியே ஆய்வு செய்த ஓம், 1827இல் தம் நூலை வெளியிட்டார். தாயகம் அதனைப் போற்றவில்லை. இலண்டன் அரச கழகம் 1841இல் காப்லி பதக்கம் அளித்த பின்னரே பெருமை அவரைத் தேடி வந்தது. உழைப்பாளி வீட்டில் ஊன்றிய கணிதம் எத்துணை உயரம் வளரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி அக்கணக்கை வீட்டிற்குள் கொண்டு வரலாம். மலேசிய வீடுகளின் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு மின்சாரக் கேத்தலின் அடியில் 2300 வாட் என்று பொறித்திருந்தால், அது இழுக்கும் ஓட்டம் 10 ஆம்பியர். அதன் தடை 23 ஓம். பழைய 60 வாட் குமிழ் விளக்கோ ஏறத்தாழ 0.26 ஆம்பியரே இழுக்கும். எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். தடை குறையக் குறைய ஓட்டமும் திறனும் பெருகுவதை மாணவன் இங்கே கண்கூடாகக் காண்கிறான். கேத்தல் 6 நிமிடம் கொதித்தால் செலவாகும் மின்சாரத்தைக் கொண்டு, அவ்விளக்கை ஏறத்தாழ 4 மணி நேரம் எரிக்கலாம். கட்டணச் சீட்டின் மறைபொருள் இதுவே. மின்விசிறி, குளிர்பெட்டி போன்றவற்றுக்கு இக்கணக்கு இவ்வளவு எளிதன்று; சூடாக்கும் கருவிகளுக்கு நன்கு பொருந்தும்.

கட்டணத்தினும் பெரியது உயிர். மெல்லிய கம்பி கொண்ட ஓர் இணைப்புப் பலகையில் கேத்தலையும் 1150 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒருங்கே செருகினால், 10 ஆம்பியரோடு 5 சேர்ந்து 15 ஆகும். செருகியின் அளவோ 13. அதனுள் இருக்கும் உருகி உடனே அறுந்து காக்கும் என்று நம்புவதற்கில்லை. சற்றே மிகுந்த ஓட்டத்தை அது நெடுநேரம் தாங்கி நிற்கக்கூடும். அதற்குள் கம்பி சூடேறிவிடும். கம்பியின் தடை அரை ஓம் என்று கொண்டால், இஸ்திரிப் பெட்டி மட்டும் இயங்கும்போது அதில் எழும் வெப்பம் 12.5 வாட், இரண்டும் சேர்ந்தால் 112.5 வாட். ஓட்டம் மும்மடங்காயின் வெப்பம் ஒன்பது மடங்காகும். நெருப்பு விதியால் வருவதன்று. பெருக்கல் தெரியாமையால் வருவது.

ஆகவே, கரும்பலகையில் சூத்திரத்தை எழுதி மனப்பாடம் செய்விப்பதோடு ஆசிரியர் பணி முடிந்துவிடாது. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுக் கருவிகளில் பொறித்த எண்களைக் குறித்து வந்து, ஓட்டத்தையும் தடையையும் கணக்கிட்டு, பெற்றோரிடம் தமிழில் விளக்கிச் சொல்லுமாறு செய்தல் வேண்டும். பிறர் கைப்பொத்தானை நம்பி ஒளி பெற்ற ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள், தம் வீட்டில் ஓடும் மின்சாரத்தைத் தாமே அளந்து ஆளும் நிலையே உண்மையான உரிமையாகும்.