புல்விதைகள் காட்டிய சுழல்

சித்ரா வால்வைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ்.புவனேஷ்வரும் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய செயற்கை இதய வால்வு அது. நீலக்கல்லில் தட்டு செய்துகூடப் பார்த்துக் கைவிட்டு, கடைசியில் தேயாத பாலிஎத்திலீன் தட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இப்போது சென்னையின் டிடிகே குழுமம் தயாரிக்கிறது.

நெஞ்சைத் திறந்து வால்வை வைப்பதற்கு முன்பே, அதன் வழியாக ரத்தம் ஒழுங்காக ஓடும் என்று எதை வைத்து நம்பினார்கள்?

ஆய்வகங்களில் இதற்கென்றே 'பல்ஸ் டூப்ளிகேட்டர்' என்ற கருவி இருக்கிறது. இதயம்போல விட்டு விட்டுத் தள்ளும் ஒரு பம்ப், ஒளி ஊடுருவும் அறைகள், நடுவில் வால்வு. நிமிடத்துக்கு 70 துடிப்பு, 5 லிட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொண்டு, திறக்கும்போது அழுத்தம் எவ்வளவு விழுகிறது, மூடிய பிறகு எவ்வளவு பின்னால் கசிகிறது என்று அளப்பார்கள். உள்ளே ஓடுவது பெரும்பாலும் ரத்தமல்ல. தண்ணீரும் கிளிசரினும் கலந்த கலவை. ஏறக்குறைய ரத்தத்தின் பிசுபிசுப்பு அதற்கு உண்டு. ரத்தத்துக்குள் ஒளி புகாது, இதில் புகும். கலவையில் நுண்துகள்களைத் தூவி லேசர் பாய்ச்சினால், ஓட்டம் எங்கே சீறுகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். இரண்டுமே ஆபத்து. சீறினால் ரத்த அணுக்கள் சிதையும். தேங்கினால் ரத்தம் உறையும்.

இப்படி ஒரு மாதிரிக்குள் திரவத்தை ஓடவிட்டுப் பார்க்கும் யோசனை முதலில் யாருக்கு வந்தது? 1952-ல் வாஷிங்டனில் சார்லஸ் ஹஃப்நாகல் ஒரு நோயாளியின் பெருந்தமனியில் பந்து வால்வைப் பொருத்தினார். வலியத்தானே பின்னாளில் அவரிடம் பயிற்சி பெற்றவர். ஆகவே அந்தக் காலத்தோடு தேடல் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தேடல் என்னை 1513-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு, லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ள அந்தத் தாள்களின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருந்தமனியின் அடிப்பகுதி, வால்வின் மூன்று இதழ்களுக்குப் பின்னால் மூன்று புடைப்புகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சுருண்டு திரும்பும் கோடுகள். பக்கத்தில் செய்முறையும் உண்டு. மாட்டு இதயத்தில் மெழுகு வார்த்து வடிவம் எடுக்க வேண்டும். அதை வைத்துக் கண்ணாடியில் தமனி செய்து, தண்ணீரோடு புல்விதைகளை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். விதைகள் சுழலும் இடத்தில் ரத்தமும் சுழலும். அந்தச் சுழலே இதழ்களை மூட வைக்கிறது என்பது அவர் எண்ணம். இதயம் ஒரு பம்ப் என்றும் ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்றும் உலகம் ஏற்றுக்கொள்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாகவே இதை எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை விட்டு நகரவே எனக்கு மனமில்லை.

1960-களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் பிரையன் பெல்ஹவுஸ் ஆய்வக மாதிரியில் அதே சுழல்களைக் கண்டார். ரத்தம் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே வால்வு மூடத் தொடங்கிவிடுகிறது என்பதையும் காட்டினார்.

கண்ணால் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை 1990-களில் வந்த மெட்ரானிக் பாரலல் என்ற இரட்டை இதழ் வால்வு உணர்த்தியது. வழக்கமான சோதனைகளைத் தாண்டி நோயாளிகளுக்கு வைத்த பிறகு, அதில் ரத்தக்கட்டிகள் உருவாயின. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காரணம் தேடியவர்களில் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் பேராசிரியர் அஜித் யோகநாதனின் குழுவும் ஒன்று. வால்வின் உடல் ஒளி புகாத கார்பன் என்பதால், கீல் பகுதியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அப்படியே செய்து, லேசரால் உள்ளே பார்த்தார்கள். இதழ் திரும்பும் அந்தச் சின்னக் குழியில், ஓட்டம் தேங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் பிறகு, வால்வு முழுவதையும் சோதிப்பது போதாதென்று, கீலுக்குள் என்ன ஓடுகிறது என்பதையும் தனியே பார்க்க ஆரம்பித்தார்கள்.